வெளுத்த மோதிரம்

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாலாவுக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது. அவள் வீட்டுக்காரன் தேனப்பன் புதுக்கோட்டையில் கெமிஸ்ட்ரி லெக்சரர். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கல்லூரி லேபுக்குக் கூட்டிப்போய், பீங்கான் கிண்ணத்தில் பாதரசத்தை ஊற்றி, அதன்மேல் ஓர் இரும்புத் திருகாணியை மிதக்கவிட்டுக் காட்டினான். அவள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் புறாக்கள் பறந்தே போயின.

பாதரசத்தைத் தொடுமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுவது அவன் பழக்கம். கழற்றிய கல்யாண மோதிரத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்லி அவளிடம் கொடுத்தான். அவளும் பத்திரமாகத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள். ஏன் கழற்றினோம் என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? அவன் அலமாரிப் பக்கம் திரும்பினானோ இல்லையோ, சாலா கட்டைவிரலைக் கிண்ணத்துக்குள் விட்டுவிட்டாள். வெளியே எடுத்தபோது தங்க மோதிரம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பதறியதில் கையை உதற, பாதரசம் குட்டிக் குட்டி முத்தாக மேசையெல்லாம் ஓடியது.

"ஒண்ணுமில்ல, தங்கத்துல பாதரசம் ஒட்டிக்கிச்சு. நாளைக்கு எடுத்துரலாம்" என்று அவனும் சிரித்து, மோதிரத்தை வாங்கித் தன் விரலில் மாட்டிக்கொண்டான். திருமயம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வழி நெடுக இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

சிரிப்பெல்லாம் வீட்டு வாசல்வரைதான். மாமியார் காமாட்சியின் கண், மகன் விரலுக்குத்தான் முதலில் போனது.

"வெள்ளியில முலாம் பூசிப் போட்டிருக்காக ஒன் மாமனாரு. மாசம் திரும்பல, பல்லைக் காட்டிருச்சு."

தேனப்பன் என்னென்னவோ விளக்கினான். காமாட்சி காதில் ஏறவில்லை. அரைப் பவுனில் அந்த மோதிரம் செய்ய, ஆசாரி பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர் சாலாவைப் பெற்ற அப்பச்சி. பொங்கல் சீரோடு வரப்போகிறவர், இந்தப் பேச்சு நிலைத்துவிட்டால் எந்த முகத்தோடு இந்த வீட்டுக்குள் நுழைவார்?

"எங்க அப்பச்சி பொய் சொல்ல மாட்டாக, அத்தை. நாளைக்கு நீங்களே வந்து பாருங்க" என்றாள்.

மறுநாள் மூவரும் லேபில் நின்றார்கள். சிந்திக் கிடப்பதைக் கண்டால் காமாட்சிக்குக் கை சும்மா இருக்காது. "என்னடா இது குப்பை" என்று மேசையில் நேற்று உருண்டோடிய பாதரசத்தை உள்ளங்கையால் கூட்டி அள்ளினாள். அள்ளி முடிப்பதற்குள் அவள் மோதிரமும் வெளுத்துவிட்டது.

"பாத்தீங்களா ஆத்தா? ஒங்க நல்ல தங்கமும் வெளுத்துருச்சு. அப்ப அதுவும் தங்கந்தானே?" என்றான் தேனப்பன்.

இதோடு முடிந்தது என்று சாலா மூச்சுவிட்டாள். ஆனால் காமாட்சி, "அத வச்சு எப்படிச் சொல்ல முடியும்?" என்றாள். இப்படியும் ஒரு பிடிவாதமா என்று சாலாவுக்குக் கோபம் கோபமாக வந்தது.

தேனப்பன் மோதிரத்தைத் தராசில் வைத்தான். நாலே கால் கிராம்.

"அரைப் பவுன்னா நாலு கிராம், ஆத்தா. மிச்சம் கால் கிராம் பாதரசம். இந்த ஆசிட் பாதரசத்தக் கரைச்சுரும். வெள்ளியா இருந்தா அதையும் கரைச்சுரும், செம்பா இருந்தா பச்சைத் தண்ணியாக்கிரும். தங்கத்த மட்டும் தொடாது. நாலு கிராம் மிஞ்சுனா மாமா சொன்னது நெசம்."

ஆசிட்டில் மோதிரம் விழுந்ததும் பழுப்புப் புகை கிளம்பியது. காத்திருந்த நேரத்தில் சாலா வேண்டாத சாமியில்லை. கழுவி எடுத்தால், மோதிரம் கருகிய கத்தரிக்காய்த் தோல்போல மங்கிக் கிடந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தராசு முள் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடி, ஆடி, நின்றது.

நாலு கிராம்.

தேனப்பன் கிண்ணம் துலக்க வைத்திருந்த சாம்பலைத் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் மினுங்கியது. சாலாவுக்கு அந்த ஆசிட் பாட்டிலையே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஆத்தா, ஒங்க மோதிரத்தையும் கழட்டுங்க."

காமாட்சி கையை இறுக மூடிக்கொண்டாள். "வேணாம். இப்படியே இருக்கட்டும்."

"கொஞ்ச நேரந்தான் ஆத்தா."

"வேணாமுன்னா விடேன்டா." அவள் நெற்றியெல்லாம் வியர்வை.

சாலா மாமியாரின் மூடிய கையைப் பார்த்தாள். பச்சைத் தண்ணி என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. "அத்தைக்கு இந்த நெடி ஒத்துக்கல" என்று சொல்லி, தோளைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்துப்போனாள்.

காமாட்சி குரலை இறக்கினாள். "அசல் மோதிரம் ஊருணியில குளிக்கயில விழுந்துருச்சு ஆத்தா, பல வருசமாச்சு. இது செம்பு, முலாம் பூசுனது. அசலு, ஒங்க மாமனாரு பினாங்குல இருந்து ஆசையா வாங்கியாந்தது, அவுககிட்ட எப்படிச் சொல்லுவேன்? அவுகளும் பொங்கலுக்கு அங்கயிருந்து வாராக."

நேற்றிலிருந்து காணாமல் போயிருந்த சிரிப்பு சாலாவுக்கு எங்கிருந்தோ பொத்துக்கொண்டு வந்தது. "வரட்டும் அத்தை. மருமக விளையாட்டுத்தனமா பாதரசத்துல முக்கிட்டான்னு சொல்லிருங்க. நான் பேச்சு வாங்கிக்கிறேன்."

காமாட்சி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

மினுங்கும் மோதிரத்தோடு வெளியே வந்த தேனப்பன், "இப்பவாச்சும் கழட்டுங்க ஆத்தா" என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பு இன்னும் கூடிப்போனது. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

காமாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாலாவின் கையைப் பிடித்தாள். "ஒங்க அப்பச்சி தலை நிமிந்து வரட்டும். வந்தவுக எல்லார் முன்னாலயும் நானே சொல்றேன், இந்த வீட்டுலயே நல்ல தங்கம் அவுக போட்ட மோதிரந்தான்னு."