மறுபடி நிகழவில்லை

அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க அவளுக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பே ஒருவன் அதை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான், அவ்வளவுதான். எழுதியவன் பூதம். எதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவன் என்று அலுவலகம் சூட்டிய பெயர் அது. "சிரிஞ்சை மாற்றும் அதே நொடியில் அலாரத்தை நிறுத்தினால், திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை நிரல் மறுபடி படிக்கிறது" என்று ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம். அதற்குக் கீழே அவள் எழுதிய ஒற்றை வரி: "மறுபடி நிகழவில்லை. மூடப்பட்டது." எத்தனை தடவை முயன்று பார்த்துவிட்டு அப்படி எழுதினோம் என்று யோசித்தாள். இரண்டு தடவை. அதுவும் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்.

நோயாளியின் நரம்பில் மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்துகிற கருவி. அதன் நிரல் முழுவதும் சி மொழி. பாதிக்கு மேல் அவள் எழுதியது. வீட்டைக் காலி செய்து கொடுத்த பிறகும் பழைய சாவியைப் போட்டு உள்ளே நுழைகிற மாதிரியான பிழை இது. உள்ளே அதற்குள் வேறு யாரோ குடிவந்திருப்பார்கள். சி மொழி இதைத் தடுக்காது, எழுதுகிறவருக்குத் தெரியாதா என்ன என்று விட்டுவிடும். ரஸ்ட் மொழி விடாப்பிடியாக நிற்கும். இப்படி எழுதினால், எழுதியதை இயந்திரத்துக்கு மொழிபெயர்த்துத் தருகிற அதன் கம்பைலர் நிரலை ஓட விடவே சம்மதிக்காது. போன மாதம் ஒரு மருத்துவமனையில் செவிலியர் சிரிஞ்சை மாற்றினார், அலாரத்தை அமுக்கினார், கருவி எங்கிருந்தோ ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு வலி மருந்தை ஆறு மடங்காகச் செலுத்தியது. படுக்கையில் இருந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. பிழைத்துக்கொண்டார். பேச்சு மட்டும் இன்னும் திரும்பவில்லை.

புதிய பதிப்பை ரஸ்ட்டில் எழுதலாம் என்று மூன்று வருடத்துக்கு முன் நடந்த ஒரு கூட்டத்தில் பூதம் கேட்டான். பாதி வார்த்தையை விழுங்கிவிட்டுத்தான் அவனுக்குப் பேச வரும். இருபது வருடம் ஓடித் தேறிய நிரலைத் தூக்கிப் போட முடியாது, இங்கே யாருக்கும் அந்த மொழி பழக்கமில்லை, எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று அவள் அடுக்கினாள். அதில் எதுவும் பொய்யில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நடக்கத் தெரிஞ்சவங்களுக்கு எதுக்குப்பா நடைவண்டி?" என்று வேறு கேட்டு வைத்தாள். அறையே சிரித்தது. கடைசியாக அவனும் சிரித்தான். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான்.

இன்று மூன்று மணிக்கு விசாரணைக் கூட்டம். இரண்டரைக்கு மாடிப்படியில் நின்று அவனை அழைத்தாள்.

"சொல்லுங்கக்கா" என்றான் எடுத்ததுமே. அவள் எண்ணை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறான்.

ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அந்த டீச்சர் பேசறாங்களா?"

"இன்னும் இல்ல." கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நீ கேட்டப்பவே ரஸ்ட்டுக்கு மாறியிருந்தா இது நடந்திருக்காது."

"சியிலயே சரி பண்ணியிருக்கலாம்க்கா. நாலு வரிதான். கடைசியில எழுதியே வச்சிருந்தேனே."

கடைசிவரை அவள் படிக்கவில்லை. இன்று காலையில்கூட.

"அப்புறம் எதுக்கு அந்த மொழிதான் வேணும்னு நின்ன?"

"நான் வேணாம்னு சொன்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். கம்பைலர் வேணாம்னு சொன்னா யார் சிரிக்க முடியும்?" என்றான். "கூட்டத்துக்கு நேரமாகப் போகுது. போங்கக்கா."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது. மன்னிப்புக் கேட்கவே இல்லை என்பது படியேறி முடித்த பிறகுதான் உறைத்தது.

அன்றைக்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்த மேலாளர், காலத்துக்கு ஏற்ற மாதிரி நாமும் மாற வேண்டும் என்று இன்றைக்குப் பேசினார். ரஸ்ட் என்றதும் ஒரே மூச்சில் எல்லாத் தலையும் ஆடியது. பேசப் பேச, குறிப்பெடுக்கும் பெண் தட்டச்சு செய்வது சுவரில் பெரிதாகத் தெரிந்துகொண்டிருந்தது.

"காரணம்ங்கற இடத்துல, பழைய மொழியின் இயல்பான குறைபாடுன்னு போட்டுக்கம்மா" என்றார் மேலாளர். "மொழி மேல பழியப் போட்டா யாருக்கும் வலிக்காது."

"மொழிய மாத்தணும் சார். நான் வேணாம்னு சொல்லல" என்றாள் அவள். "ஆனா இந்தப் பிழைய ஒருத்தர் அப்பவே எழுதிக் குடுத்தாரு. முழுசாப் படிக்காம மூடினது நான்."

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? இது வெளிய போற காகிதம்."

"போகட்டும் சார்."

மேலாளர் சொல்லிச் சுவரில் ஏறியிருந்த வரி கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழிந்தது. குறிப்பெடுக்கும் பெண் விரல்களை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"பேரு போடணுமாக்கா, பதவி மட்டும் போதுமா?"

"பேரே போடும்மா."

யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பெயர் அங்கே எழுத்து எழுத்தாக வந்து நின்றது. அதற்கு அடுத்தாற்போல் ஒரு சிறு கோடு, அடுத்த வார்த்தைக்காக, மறைந்து மறைந்து தோன்றிக்கொண்டிருந்தது.