சிரிக்காத மூத்த மருமகள்

ஃபைஸா சிரித்தால் வீடு முழுக்கக் கேட்கும். அவள் அடுப்படியில் நின்று சிரித்தால், கீழே செருப்புக் கடையில் அளவு பார்த்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்கூட ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார். அந்தச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் ஷாஜாதிக்கு வயிறு எரியும்.

செங்கல்பட்டு பஜாரில் அந்தக் குடும்பத்துக்குக் கீழே கடை, மேலே வீடு. கடையைப் பார்த்துக்கொண்டது மூத்தவர் கியாசுதீன். அவர் மனைவிதான் ஷாஜாதி. தம்பிக்கு மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். அவர் மனைவி ஃபைஸா. இரண்டு மருமகள்களுக்கும் ஒரே மாமியார், ஒரே அடுப்படி. 2002-ல் நான்கு மாத இடைவெளியில் இருவருக்கும் தலைப்பிரசவம்.

ஷாஜாதிக்குப் பிறந்தவன் ஆகிப். நாலு கிலோவுக்கு மேல் எடை. முழுசாக ஒரு நாள் வலியில் துடித்து, கடைசியில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். ஃபைஸாவுக்குப் பெண் குழந்தை, ஆபரேஷன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமி, "மூத்தவ கெட்டிக்காரி, சுகப்பிரசவம். சின்னவளுக்குத்தான் வயித்தக் கிழிக்கிறாப்ல ஆயிடுச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது ஷாஜாதிக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நாற்பதாம் நாள் குளித்து எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. தும்மினால் சிறுநீர் கசிந்தது. இருமினால், பிள்ளையைத் தூக்கினால், மாடிப்படி வேகமாக இறங்கினால், வாய்விட்டுச் சிரித்தால் கசிந்தது. பச்சை உடம்பு, போகப்போகச் சரியாகும் என்று நினைத்தாள். ஒரு வருடம் போயிற்று. சரியாகவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தாறு வயதில் இதை எப்படிச் சொல்வது? பழைய காட்டன் புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டாள். அடர்ந்த நிறமாகவே உடுத்தினாள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். அந்தத் துணிகளை மொட்டை மாடியில் ஆகிப்பின் துணிகளுக்கு அடியில் உலர்த்தினாள். கல்யாண வீட்டுக்குப் போனால் முதலில் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்தாள். சிரிப்பதை அடியோடு விட்டுவிட்டாள்.

ஃபைஸாவோ மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். இடுப்பில் குழந்தையோடு தண்ணீர்க் குடத்தையும் தூக்கினாள். ஊதா, வெளிர் மஞ்சள், வெள்ளை என்று நினைத்த நிறத்தில் உடுத்தினாள். தும்மிவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்த்தாள். அந்தத் தும்மலைக்கூட ஷாஜாதி கவனித்தாள். வயிற்றைக் கிழித்தாலும் பரவாயில்லை, எனக்கும் அப்படியே எடுத்திருக்கக் கூடாதா என்று மனதுக்குள் பொருமினாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது கியாசுதீன் சாதாரணமாகத்தான் சொன்னார்: "ஃபைஸா எவ்ளோ கலகலன்னு கீது பாரு. நீயும் கொஞ்சம் சிரிச்ச மொகமா இருந்தா இன்னா?" ஷாஜாதி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து ஆகிப்பைச் சாக்கு வைத்து அவன் பக்கத்தில் தனியாகப் படுத்தாள்.

தொழுகையும் நின்றுபோனது. கை, முகம், கால் கழுவி உளூ செய்து வந்து நின்றால், சஜ்தாவில் நெற்றி தரையில் படக் குனிந்து எழுவதற்குள் கசிந்துவிடும். சுத்தமில்லாமல் எப்படி நிற்பது என்று ஒரு வேளையை விட்டாள். பிறகு ஐந்தையும் விட்டாள். "இன்னாடி, இன்னிக்கும் தொழலியா? உனக்கு எப்பதான் சுத்தமாவும்?" என்று மாமி கேட்பாள். ஷாஜாதி வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருப்பாள்.

ஒரு தடவை கூடத்து ஜமுக்காளத்தில் ஈரம் இருந்தது. ஷாஜாதி உட்கார்ந்து எழுந்த இடம். "யாரு வேல இது?" என்று மாமி கேட்டபோது, ஷாஜாதி யோசிக்காமல், "ஃபைஸா பாப்பாவா இருக்கும்" என்றாள். மாமி ஃபைஸாவைத் திட்டினாள். ஃபைஸா ஜமுக்காளத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் துவைத்தாள். அதற்குப் பிறகு அது சுலபமாகிவிட்டது. எங்கே ஈரம் தெரிந்தாலும் பழி அந்தக் குழந்தை மேல் போனது.

மாமியின் அண்ணன் ஹஜ்ஜுக்குப் போய்வந்து ஒரு முசல்லா கொடுத்தார். பச்சை வெல்வெட்டில் தங்க நூல் ஓடிய தொழுகை விரிப்பு. மாமி அதைத் தடவிப் பார்த்துவிட்டு நேராக ஃபைஸா கையில் கொடுத்தாள். ஷாஜாதி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு எதுக்கு அது? நீதான் விரிக்கிறதே இல்லயே" என்றாள் மாமி.

அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் குடும்பமே மகாபலிபுரம் கிளம்பியது. ஷாஜாதி தலைவலி என்று படுத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஒரு மணி நேரம், கடற்கரையில் நாள் முழுக்க, எங்கே ஒதுங்குவது? கியாசுதீன் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆகிப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். தெருவில் ஃபைஸாவின் சிரிப்பு தேய்ந்துகொண்டே போனது.

வீட்டில் யாருமில்லை. மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஷாஜாதி ஃபைஸாவின் அறைக்குப் போய் அலமாரியிலிருந்து அந்த முசல்லாவை எடுத்தாள். ஒரே ஒரு வேளை இதில் தொழுதால் என்ன என்று தோன்றியது. மாற்றுத் துணி உடுத்தி, உளூ செய்து, விரித்து நின்றாள். பல மாதங்களுக்குப் பிறகு நெற்றி வெல்வெட்டில் பட்டதும் அழுகை வந்தது. அழுகையோடு ஒரு தும்மலும் வந்தது.

எழுந்து பார்த்தாள். பச்சையில் கரும்பச்சையாக ஓர் உள்ளங்கை அகலம்.

தண்ணீர் இருந்தது, சோப்பு இருந்தது, வெயில் இருந்தது. அலசிப் போட்டிருந்தால் அவர்கள் வருவதற்குள் காய்ந்திருக்கும். அலசவில்லை. ஈரத்தோடு நான்காக மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். வைக்கும்போது மனசுக்குள் ஏதோ குளிர்ந்தது.

மறுநாள் விடியற்காலை சுப்ஹுத் தொழுகைக்கு ஃபைஸா விரித்ததும் வாடை அடித்தது. மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "மக்கா ஹரம்லேந்து வந்த பொருள்டி இது. நேத்து வந்ததும் புள்ளய இது மேல போட்டியா? உனக்கெல்லாம் அறிவு கீதா?" என்று ஆரம்பித்து, ஃபைஸாவின் அம்மா வீடு வரை போய் வந்தாள்.

ஃபைஸா விரிப்பைப் பார்த்தாள். பிறகு அடுப்படி வாசலில் நின்ற ஷாஜாதியைப் பார்த்தாள். "ஆமா மாமி. நான்தான் கவனிக்கல" என்றாள்.

பதினோரு மணிக்கு ஷாஜாதி மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது ஃபைஸா மேலே வந்தாள். கையில் துவைத்த முசல்லா.

"அக்கா, பாப்பா பஸ்லயே தூங்கிடுச்சி. அவருதான் தூக்கினு வந்து தொட்டில்ல போட்டாரு. நேத்து காலைல நான் மடிச்சி வச்சது, இன்னிக்கித்தான் எடுத்தேன்."

ஷாஜாதி கிளிப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தாள்.

"கொடில நீங்க அடியில மறச்சிப் போடற துணிய ரொம்ப நாளாப் பாக்கறேன். எங்க அக்கா ஷபானா தெரியும்ல, படூர்ல கீறாளே. அவளுக்கும் மொதல் கொழந்தைக்கு அப்புறம் இதே மாதிரிதான். டாக்டரப் பாத்தா. இப்ப நல்லா கீறா. நான் வேணா உங்க கூட வரேன்."

"எனக்கு இன்னா? எனக்கு ஒண்ணுமில்ல."

"இன்னொண்ணு. நம்ம தெருவுல மார்க்கம் சொல்லித் தர்ற ஆலிமா கிட்ட கேட்டேன். இந்த மாதிரி இருக்கிறவங்க தொழுகை வக்து வந்ததும் சுத்தம் பண்ணினு, துணி வச்சினு, உளூ செஞ்சி ஒடனே தொழலாமாம். நடுவுல கசிஞ்சாலும் அந்தத் தொழுகை கூடுமாம். ஒவ்வொரு வக்துக்கும் புதுசா உளூ செஞ்சா போதுமாம்."

"என் பேரச் சொன்னியா?"

"சொந்தத்துல ஒருத்தங்கன்னு சொன்னேன்."

ஃபைஸா விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு இறங்கிப் போனாள். ஷாஜாதிக்கு நன்றி தோன்றவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. திட்டு வாங்கிக்கொண்டு ரகசியத்தையும் காப்பாற்றிவிட்டாள். இனி இதிலும் அவள்தான் பெரியவள். நல்ல உடம்பு, நல்ல பெயர், இப்போது நல்ல மனசும் அவளுக்கே என்று நினைத்தாள். ஒரு மாதம் ஃபைஸாவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

ஆனால் படூர் ஷபானாவின் நினைப்பு மட்டும் போகவில்லை. டாக்டரிடம் போவதென்றால் ஃபைஸாவோடு மட்டும் போகக்கூடாது என்று முடிவு செய்தாள். ஆகிப்புக்குச் சளி என்று சொல்லி அவனைத் தூக்கிக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மகப்பேறு டாக்டரிடம் போனாள். பெயர் பிரபாவதி. சொல்ல வாயெடுத்து மூன்று தடவை நிறுத்தினாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "தும்மினா வருதா?" என்று தானே கேட்டார். ஷாஜாதி தலையாட்டினாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமாப் போவுது."

"ரெண்டு வருஷம் ஏம்மா சும்மா இருந்த? சுகப்பிரசவம் ஆனவங்கள்ல மூணு பேருக்கு ஒருத்தருக்காவது இது இருக்கு. வெளிய சொல்றவங்கதான் கம்மி."

ஷாஜாதி முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு வராதா?"

"அவங்களுக்கும் வரும். கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அடுத்த குழந்தைக்கு அப்புறம்கூட வரலாம்."

அதைக் கேட்டதும் ஷாஜாதிக்கு ஒரு சந்தோஷம் வந்தது. ஃபைஸாவுக்கும் வரலாம். அந்தச் சந்தோஷத்தைத் தானே பார்த்துவிட்டாள். மடியில் ஆகிப்பை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

டாக்டர் பரிசோதித்துவிட்டுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். சிறுநீரை அடக்கும்போது எந்தச் சதையை இறுக்குவோமோ அதை மட்டும் இறுக்கி, ஐந்து எண்ணி, விடவேண்டும். பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. எண்ணிக்கையைப் போகப்போகப் பத்தாக்க வேண்டும். தண்ணீரைக் குறைக்கக் கூடாது. மூன்று மாதம் விடாமல் செய்துவிட்டு வரச் சொன்னார். சரியாகாவிட்டால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார்.

அன்று ராத்திரி கியாசுதீனிடம் சொன்னாள். "நான் உன்ன ஏதோ மனசு நோகப் பேசிட்டேன்னு நெனச்சினு இருந்தேன்" என்றார். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

ஷாஜாதி சப்பாத்தி தேய்க்கும்போது இறுக்கி எண்ணினாள். ஆகிப்புக்குச் சோறு ஊட்டும்போது எண்ணினாள். தொழுகையையும் தொடங்கினாள், ஆலிமா சொன்ன மாதிரியே. ஃபைஸா கேட்டு வந்த வழி என்பதால் முதல் வாரம் வீம்பாக இருந்தாள். பிறகு வீம்பு தோற்றுப்போனது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் துணியின் மடிப்பு குறைந்தது. நான்காம் மாதம் மிளகாய் வறுக்கும் நெடியில் ஐந்து தடவை தும்மினாள், ஒரு சொட்டு வரவில்லை. கனமாக எதையாவது தூக்கினால் எப்போதாவது வந்தது. அதோடு சமாளிக்க முடிந்தது.

அதற்குப் பிறகும் அந்த முசல்லா அவளை உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமியின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"மாமி, அந்த முசல்லாவ நனைச்சது பாப்பா இல்ல. நான். ஜமுக்காளமும் நான்தான்." காரணத்தையும் சொன்னாள். அலசாமல் மடித்து வைத்ததையும் மறைக்கவில்லை.

மாமி கையிலிருந்த பூண்டைக் கீழே போட்டாள். "அப்போ அந்தப் பொண்ண நான் திட்டினதெல்லாம்?"

ஷாஜாதி கீழே விழுந்த பூண்டைப் பொறுக்கினாள்.

"நோவு வந்தா மருந்து கீது, அதுக்கு உன்ன நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மடிச்சி வச்ச பாரு, அதுக்கு அவகிட்டதான் நீ கேக்கணும். நானும்தான் கேக்கணும்."

மாமி ஃபைஸாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் அம்மா வீட்டை இழுத்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். ஷாஜாதி அவள் கையைப் பிடித்து, "மாப்பு குடு ஃபைஸா. உன் மேல எனக்குப் பொறாம. அதான்" என்றாள்.

"எனக்கும் கோவம்தான் அக்கா. அஞ்சாறு மாசமா உள்ளுக்குள்ள திட்டிகினுதான் இருந்தேன்" என்றாள் ஃபைஸா. அவள் கண் கலங்கியிருந்தது. சட்டென்று சமாதானமாகிவிடவில்லை. ஆனால் மறுநாள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து அரிசி புடைத்தார்கள்.

அடுத்த வருடம் கொழுந்தனார் மறைமலைநகரிலேயே ஒரு வீடு பார்த்துக் குடும்பத்தை அழைத்துப் போனார். பால் காய்ச்சிய அன்று ஷாஜாதியும் கியாசுதீனும் போயிருந்தார்கள். சின்ன வீடுதான். ஆனால் அடுப்படியில் நெஞ்சுயரத்துக்கு டைல்ஸ், கிழக்கே ஜன்னல், திறந்தால் தண்ணீர் கொட்டும் குழாய், ஃபைஸா எங்கே வைத்தாளோ அங்கேயே இருக்கும் டப்பாக்கள். ஷாஜாதி அந்தக் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். வயிற்றில் பழைய எரிச்சல் எட்டிப் பார்த்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிங்கப்பெருமாள்கோவில் தாண்டியதும் ஷாஜாதி வாயைத் திறந்தாள்.

"அந்த அடுப்படியப் பாத்தீங்களா? எனக்கு வயிறு எரியுது."

"அடுப்படிக்கா?"

"ஆமா. எனக்கும் அந்த மாதிரி டைல்ஸ் வேணும்."

கியாசுதீன் அவளைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நாளில் அவள் இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. "இன்னா கலர்?" என்று கேட்டார்.