நாற்பத்தோராம் பக்கம்

“இதை யாரு சொன்னது?” என்று ஃபைலின் நாற்பத்தோராம் பக்கத்தில் விரலை ஊன்றிக்கொண்டு டாக்டர் விஜயகுமாரி கேட்டபோது, அனிதா ஆஸ்பத்திரி கேண்டீனில் ஆறிப்போன வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் அவள் கணவன் சிலம்பரசன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு மணிக்குள் அவன் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவன் அப்பா சம்மந்தத்தின் தொண்டையில் குழாய் இறக்கி மெஷினோடு இணைப்பார்கள். போடாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

விரல் நின்ற வரி ஆங்கிலத்தில் இருந்தது. டாக்டர் அதைத் தமிழில் சொன்னார்: எல்லாச் சிகிச்சையும் செய்யும்படி குடும்பத்தார் விரும்புகிறார்கள். அதே வரி ஒன்பது நாளும் நாளுக்கு ஒரு தடவை எழுதப்பட்டிருந்தது.

“நாங்க அப்படி ஒண்ணும் சொல்லலியே” என்றான் சிலம்பரசன்.

பெரிய டாக்டர் பேசி முடித்ததும் தினமும் என்ன செய்தீர்கள் என்று விஜயகுமாரி கேட்டார். அவன் யோசித்தான். ஒன்றும் செய்யவில்லை, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். அவர்கள் ஊர் ஒதியம்பட்டில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். படித்த மனிதரிடம் போய் ஏன், எதற்கு என்று கேட்டால் மரியாதைக் குறைவு. அதற்கு அடியில் ஒரு பயமும் உண்டு. கேள்வி கேட்கிறவன் வீட்டு நோயாளியை ஒழுங்காகக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்று. அவன் போட்ட ஒவ்வொரு கும்பிடும் ஃபைலில் போய் இந்த வரியாக உட்கார்ந்திருந்தது.

அனிதாவும் பின்னால் நின்று கும்பிட்டவள்தான். இத்தனைக்கும் அவள் புரியாத ஒன்றைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத ரகம். வில்லியனூரில் அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு இன்று அவள் வரவழைத்திருந்த இந்த அம்மா நூறு நூறு பக்கமாக ஆஸ்பத்திரி ஃபைல்களை நகல் எடுக்க வருவார். மூன்றாம் தடவையே நீங்கள் இன்சூரன்ஸ் ஏஜெண்டா என்று கேட்டுவிட்டாள். இல்லை, டாக்டராக இருந்தேன் என்று பதில் வந்தது. இருந்தேன் என்றால்? பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில், ஐ.சி.யூ.வில், பதினோரு வருஷம். இப்போது எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. நோயாளியின் பக்கம் உட்கார்ந்து ஃபைலைப் படித்துச் சொல்வதும், வீட்டார் கேட்க வேண்டியதைக் கேட்க வைப்பதும்தான் வேலை. ஊசி போடாத, மருந்து எழுதாத டாக்டரை அனிதா அதுவரை பார்த்ததில்லை. ஏன் விட்டார் என்பது அன்றிலிருந்து அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது கேட்டாள்.

டாக்டர் ஃபைலை மூடினார். “இதே வரியை நானும் எழுதியிருக்கேன். எத்தனை தடவைன்னு தெரியாது. ஒரு நாள் ஒரு பெரியவர் இப்படித்தான் கும்பிட்டுட்டுப் போனாரு. கொஞ்ச நேரத்துல நானும் லிஃப்டுக்கு வந்தேன். என்னை அவர் கவனிக்கல. லிஃப்ட்காரரைக் கேக்கறாரு, எம் பொண்டாட்டி பொழைப்பாளா தம்பின்னு.”

அன்றைக்கே வேலையை விட்டுவிடவில்லை, அதற்குப் பிறகும் நாலு மாதம் போய்வந்தேன் என்று சேர்த்துக்கொண்டார். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

பிறகு பேனாவைச் சிலம்பரசனிடம் நீட்டினார். என்ன தெரிய வேண்டுமோ எழுதுங்கள், உங்களுக்குப் பதிலாக நான் பேச மாட்டேன், பக்கத்தில் நிற்பேன் என்றார். அவன் பேனாவைத் தொடவில்லை. கையெழுத்துப் போடாமல் கூட்டிக்கொண்டு போனால் மகனே அப்பனைச் சாகடித்தான் என்று ஊர் பேசும். போட்டு, அவர் இங்கேயே இறந்தால், வெளியில் போன உயிர் என்று உடம்பை வீட்டுக்குள் எடுக்க விடமாட்டார்கள். அவரே நின்று கட்டிய வீட்டுக்கு எதிரில் தெருவில் கிடப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுக்குத் தாங்காது.

அனிதா பேனாவை வாங்கினாள். வடை வைத்திருந்த தாளைத் திருப்பி மூன்று கேள்விகள் எழுதினாள். குழாய் போட்டால் பிழைப்பாரா? போடாவிட்டால் எவ்வளவு நேரம்? கையை ஏன் கட்டி வைத்திருக்கிறீர்கள்?

வார்டில் இளம் டாக்டர் ஒருவர்தான் இருந்தார். அனிதா எண்ணெய் படிந்த தாளைப் பார்த்துப் படித்தாள். அவர் விஜயகுமாரியை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர்கள் எதிரில் உட்கார்ந்தார். ஒன்பது நாளில் ஒரு டாக்டர் உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. நுரையீரல் இரண்டும் போய்விட்டன என்றார். குழாய் சில நாட்களை நீட்டும், அவரைத் திருப்பித் தராது. இல்லையென்றால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மூச்சு முட்டுவது தெரியாமலிருக்க மருந்து தரலாம், வீட்டிலேயே கொடுக்கலாம். முகத்து மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறார், அதனால் கையைக் கட்டினோம்.

“ஏன் புடுங்கறீங்கன்னு அவரைக் கேட்டீங்களா சார்?” என்றாள் அனிதா.

இல்லை என்று இளம் டாக்டர் தலையசைத்தார். அவர் மழுப்பாமல் ஒப்புக்கொண்டதால் அனிதாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தன்மேல்தான் வந்தது.

சம்மந்தம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனின் ஊர், பேர், நிலம் எத்தனை காணி, பெண்ணை எங்கே கொடுத்தான் என்பது வரை இறங்குவதற்குள் கேட்டு முடிக்கிற மனிதர். அந்த வாயை மாஸ்க் அடைத்திருந்தது. நர்ஸ் கைக்கட்டை அவிழ்த்து, மாஸ்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷம்தான் என்றார்.

அனிதா குனிந்தாள். “மாமா, தொண்டையில கொழாய் வெச்சுப் பாக்கலாங்கறாங்க. இல்லன்னா வூட்டுக்குப் போவலாம். நீங்கதான் சொல்லணும்.”

அவர் கண் அவளைத் தாண்டிப் போய் விஜயகுமாரிமேல் நின்றது.

“இந்தம்மா யாரு?”

“டாக்டரு, மாமா.”

“எந்த ஊரு?”

“வீராம்பட்டினம்” என்றார் விஜயகுமாரி. “மீன்காரங்க வூடு.” அவர் வாயில் வூடு என்ற சொல்லை அனிதா அன்றுதான் கேட்டாள்.

“உங்க ஊரு தேருக்கு வந்துருக்கேன்” என்றார் சம்மந்தம். அங்கே நடந்தே போய்விட்டு வந்தவர் மாதிரி மூச்சு வாங்கினார். பிறகு மருமகளைப் பார்த்தார். “வூட்டுக்கு. மொத நாளே கை காமிச்சேன். கட்டிட்டாங்க.”

சிலம்பரசன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். நர்ஸ் மாஸ்க்கை மறுபடி வைக்கப் போனபோது, “கொஞ்சம் பொறும்மா” என்றான்.

மதியம் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரோடு அவரை வீட்டுக் கூடத்தில் கட்டிலில் கிடத்தினார்கள். மருந்து எத்தனை சொட்டு, எப்போது என்பதை விஜயகுமாரி அனிதாவின் கையாலேயே இரண்டு தடவை செய்ய வைத்துவிட்டு, பாகூர்ப் பக்கம் வேறொரு வீட்டுக்குக் கிளம்பினார். சாயங்காலம் முழுக்கச் சம்மந்தம் துண்டு துண்டாகக் கேள்வி கேட்டார். மோட்டார் ஓடுதா, எதிர் வீட்டுப் பெண் பாஸாகிவிட்டதா, இது எந்தக் கம்பெனி சிலிண்டர். மறுநாள் காலை பத்து மணிக்கு அனிதா ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருக்கையில் மூச்சு நின்றது. அவள் துணியைப் பிடித்தபடி அடுத்த மூச்சுக்காக வெகு நேரம் காத்திருந்தாள்.

பிற்பகலில் சம்மந்தத்தின் தங்கை அமிர்தம் வந்தாள். மாலையைப் போட்டாள், அழுதாள், பிறகு எழுந்து பந்தல் முழுக்கப் பார்த்திருக்கச் சிலம்பரசனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “நல்லா மூச்சு உட்டுனு இருந்தவரை யாரைக் கேட்டுடா இட்டாந்தே?”

சனம் அவனையே பார்த்தது.

“அவரைக் கேட்டுத்தான் சின்னம்மா” என்றாள் அனிதா.

அமிர்தம் திரும்பினாள். சட்டையைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது.

“அண்ணனையா? வாயால சொன்னாரா?”

“சொன்னாரு.”

“இன்னா சொன்னாரு?”

நர்ஸ் கைக்கட்டை அவிழ்த்ததிலிருந்து அனிதா சொல்ல ஆரம்பித்தாள். அமிர்தம் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். பின்னால் இருந்த பெண்களும் ஒவ்வொருத்தியாக நெருங்கி வந்தார்கள். மேளத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி யாரோ வெளியே கை காட்டினார்கள்.