திட்டு இல்லாத ஹிராமே

குவபாரா ஷிசூயே வளர்த்த மீனை யாரும் சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம். கடலில் பிறந்த ஹிராமே என்கிற தட்டை மீனின் முதுகு மணல் நிறத்தில் ஒரே சீராக இருக்கும். அவள் வேலை பார்த்த மாகாண அரசின் குஞ்சுப் பண்ணையில் பிறந்ததற்கோ முதுகில் சுண்ணாம்பைச் சிந்தியதுபோல வெள்ளைத் திட்டு. பத்துக் குஞ்சில் நாலு அப்படித்தான் வந்தன. கடலில் விட்டு இரண்டு வருடம் கழித்துப் பெரிய மீனாக வலையில் ஏறும்போதும் அந்தத் திட்டு அப்படியே இருக்கும். துறைமுகத்தில் அதற்குப் பாதி விலைதான்.

ஏலம் நடத்தும் ஒகாதா அவளைக் கண்டால் விடமாட்டார்.

"வாங்க, குவபாரா சான். உங்க பிள்ளைங்க ஏழு பேர் இன்னிக்கு வந்திருக்காங்க. பெயின்ட் தீர்ந்துபோச்சா, பாதியிலயே அனுப்பிட்டீங்க?"

அவள் தலையைக் குனிந்து சிரித்துவிட்டு வருவாள். பண்ணைக்குத் திரும்பிய பிறகுதான் கோபம் வரும்.

குற்றம் தீனியில் இருப்பதாக அவளுக்குப் பட்டது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு சில வாரங்கள் தின்பது ஆர்ட்டீமியா என்கிற பொடி இறாலை. வயிறு நிறையும், ஆனால் கடல் இரையில் இருக்கிற கொழுப்பு அதில் கிடையாது. அந்தக் கொழுப்பைக் குஞ்சு தன் உடம்பிலும் உண்டாக்கிக்கொள்ளாது, தின்றுதான் ஆகவேண்டும். ஆகவே ஷிசூயே வீட்டு மிக்ஸியைக் கொண்டுவந்தாள். கணவாய் எண்ணெயையும் முட்டை மஞ்சள் கருவையும் அடித்துப் பாலாக்கி, ஆர்ட்டீமியாவை அரை நாள் அதில் நீந்தவிட்டாள். அவை எண்ணெயைக் குடித்துக் கொழுக்கும், அவற்றைக் குஞ்சு தின்னும் என்பது கணக்கு.

முதல் வருடம் தண்ணீர் நுரைத்து நாறி, இரண்டு தொட்டிக் குஞ்சுகள் மொத்தமாகச் செத்தன. வீட்டில் புது மிக்ஸி வாங்க வேண்டியதாயிற்று. பண்ணை இயக்குநர் நிஷிவாக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"எனக்கு டாக்டர் எண்ணெயில பொரிச்ச தெம்புரா ஒரு துண்டுகூடத் திங்கக்கூடாதுங்கறார். நீங்க மிளகளவு மீனுக்கு எண்ணெய்க் குளியல் நடத்துறீங்க."

"வளர்ற வயசு, டைரக்டர்," என்றாள் அவள்.

மூன்றாவது வசந்தத்தில் பத்துத் தொட்டிக் குஞ்சுகளும் திட்டே இல்லாமல் வந்தன. தலைகீழாகக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டையும் மறந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணலில் படுத்த குஞ்சுகளில் கண் மட்டும்தான் தெரிந்தது. நிஷிவாக்கியே இரண்டு தரம் கை தட்டினார். பிறகு அவற்றைக் கடலில் விட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து மாகாண அலுவலகத்தில் கூட்டம். விட்ட மீனில் எவ்வளவு திரும்பி வலையில் வருகிறது என்று சந்தையில் எண்ணி ஆண்டுதோறும் எழுதுவார்கள். எண்ணுவது திட்டைப் பார்த்துத்தான். முன்பெல்லாம் நூறு ஹிராமேவில் பன்னிரண்டு பண்ணையுடையதாக இருக்கும். இந்த வருடம் ஒன்றுகூட இல்லை.

"விட்டது எல்லாம் செத்துப்போச்சுன்னு தெரியுது," என்றார் அதிகாரி மிசோகுச்சி, வருத்தத்தோடு.

"சாகல. கடல் மீன் மாதிரியே ஆயிடுச்சு. அதான் தெரியல," என்றாள் ஷிசூயே.

"தெரியாத மீனை நான் எப்படி எண்றது, குவபாரா சான்?"

எண்ணுவதற்காக மூன்று அங்குலக் குஞ்சின் உடம்பில் அடையாள வில்லை குத்தினால் பாதி பிழைக்காது. மீனவர் தரப்பில் வந்திருந்த ஒகாதா, உதவி செய்யும் எண்ணத்தோடுதான் எழுந்தார்.

"இந்த வருஷம் மாதிரி ஹிராமே நாங்க பார்த்ததே இல்லைங்க. ஒண்ணொண்ணும் முழு விலைக்குப் போகுது. கடல் தானாவே தேறிடுச்சு. இனிமே பண்ணையை மூடினாக்கூட எங்களுக்குக் கவலையில்ல."

மூடுவதா என்று அடுத்த வருட அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார் மிசோகுச்சி. இனி விடும் குஞ்சு வலைக்கு வர இரண்டு வருடமாகும் என்று நிஷிவாக்கி கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வருடம் தவணை வாங்கினார்.

திரும்பும் ரயிலில் நிஷிவாக்கி அறிக்கையின் ஓரத்தில் பத்து வட்டம் போட்டு, ஒன்றைச் சுட்டினார்.

"ஒரே ஒரு தொட்டி," என்றார். "அதுக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம்."

"நோயை நாமளே குடுக்கணுமா?"

"மத்த ஒம்பது தொட்டியும் பிழைக்கணும்ல."

அந்த வசந்தத்தில் எட்டாம் தொட்டிக்கு வெறும் ஆர்ட்டீமியாவைப் போட்டாள். குஞ்சுகள் வழக்கம்போல ஆசையாகத்தான் தின்றன. அவளால்தான் அங்கே நிற்க முடியவில்லை. தூவிவிட்டு உடனே அடுத்த தொட்டிக்கு நகர்ந்துவிடுவாள். திட்டு தெளிவாக வந்தது.

இரண்டு வருடம் போயிற்று. நூற்றில் ஒன்று என்று எழுதி வந்தது அறிக்கை. மிசோகுச்சி எழுந்து நின்று பாராட்டினார். பண்ணை தன் பழைய தரத்தை மீட்கத் தொடங்கியிருக்கிறது என்றார்.

"ஆனா இது போதாது. இன்னும் கூட்ட முடியுமா?"

நிஷிவாக்கி ஷிசூயேவைப் பார்த்தார்.

"முடியும்," என்றாள் அவள். "இன்னொரு தொட்டியைக் கெடுத்தாப் போதும்."

மிசோகுச்சி 'கொடுத்தா' என்று காதில் வாங்கிக்கொண்டு, தாராளமாகத் தருவதாகக் குறித்துக்கொண்டார்.