கழுத்தில் தொங்கிய டேப்

"இது என்கிட்ட பழகலேன்னா என்ன பண்ணுவே?"

"பழகலேன்னா இதையும் தூக்கிக்கிட்டு என் ரூமுக்கே போயிடுவேன். வேற என்ன?"

கூண்டைக் கொண்டுவந்து வைத்த அன்று மனைவி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தையல்காரருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மெஷின் ஓடும்போதெல்லாம் அந்தப் பேச்சும் காதுக்குள் கூடவே ஓடியது.

இருவருக்கும் நாற்பதைத் தாண்டி நடந்த கல்யாணம். அவள் நர்ஸ். தனியாக இருந்த காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் எடுத்த அறையை இன்னும் விடவில்லை. டியூட்டி நீண்டுபோனால் படுத்துக்கொள்ள வசதி என்றாள். டியூட்டியோ வரவர அடிக்கடி நீண்டது. அறையைக் காலி பண்ணிவிடு என்று சொல்ல அவருக்கு வாய்வரைக்கும் வரும். அவள் நிமிர்ந்து பார்த்ததும், டீ போடட்டுமா என்று மாறிவிடும்.

அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அதன் சொந்தக்காரர் சொன்னதால்தான் கூண்டு இங்கே வந்தது. உள்ளே பச்சை நிற லவ் பேர்ட் ஒன்று. அவள் அதைச் 'சின்னவர்' என்றுதான் அழைப்பாள். அவளைக் கண்டால் சின்னவர் கீச்சுக்கீச்சென்று கதை பேசுவார். தையல்காரர் பக்கத்தில் போனால் போதும், இறகெல்லாம் ஒடுங்கி, பாதி உடம்பாகி, கூண்டின் மூலையில் ஒட்டிக்கொள்வார்.

அவரும் சும்மா இருக்கவில்லை. சத்தம் கேட்கக் கூடாதென்று மெஷினை முன்னறைக்கு மாற்றினார். கூண்டுக்கருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கை மரத்துப்போகும்வரை தினைக்கதிரை நீட்டிக்கொண்டிருந்தார். பருப்பு வேகவில்லை.

ஒரு மத்தியானம் அக்கா வந்திருந்தாள். தம்பி தட்டுக்கு முன்னால் குனிந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சாப்பிடும்போதாவது அந்தப் பாம்பைக் கழட்டி வைடா. தட்டுல விழுது."

அளவெடுக்கும் டேப்பைத்தான் சொன்னாள். காலையில் கழுத்தில் போட்டால் படுக்கப் போகும்போதுதான் எடுப்பார். அது கிடப்பதே அவருக்குத் தெரியாது. அவளே உருவி நாற்காலியில் போட்டாள்.

சாப்பிட்டுவிட்டுச் சின்னவருக்குத் தண்ணீர் மாற்றப் போனார். சின்னவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. தையல்காரர் யோசித்தார். திரும்பிப் போய் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து குனிந்தார். இரண்டு முனைகளும் கூண்டின் முன்னால் ஊசலாடின. சின்னவர் மூலைக்குப் போய்விட்டார்.

"நான் உன் மூஞ்சியைப் பாத்துத்தான் பயப்படுதுன்னு நினைச்சேன்" என்றாள் அக்கா.

அன்றோடு டேப் முன்னறை ஆணிக்குப் போனது. அதை மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். சின்னவர் நடுக்கம்பிக்கு வந்தார். பிறகு கதவோரம் வந்து, கதிரை ஒரு கொத்துக் கொத்திவிட்டு ஓடினார். ஓடுவதும் குறைந்தது.

மனைவி டியூட்டி முடிந்து வந்த ஒரு காலையில், அவர் திறந்த கூண்டுக்குள் கையை விட்டு நின்றிருந்தார். ஆள்காட்டி விரலில் சின்னவர். உடம்பில் கனமே இல்லை. நகங்களின் பிடி மட்டும் தெரிந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றியபடியே அவள் செய்தி சொன்னாள். அறைக்கு வெள்ளையடித்து முடித்தாகிவிட்டதாம், கூண்டை எடுத்துப் போகலாமாம். பதில் வராததால் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு சத்தம் காட்டாமல் நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள்.

"எப்ப இருந்து?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இப்பதான். மொத தடவை."

அவர் திரும்பவில்லை. அசைந்தால் சின்னவர் பறந்துவிடுவார். எதிரே சுவர் மட்டும்தான் இருந்தது. அவள் முகம் இல்லை. விரலை ஆட்டாமல், குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"அந்த ரூமைக் காலி பண்ணிடேன். இங்கேயே இரு."