நடுப்படியில் நின்றவள்

தேவதைகளைப் பற்றி அந்த ஆராய்ச்சிக்காரி எழுதிய முதல் புத்தகம், அவர்கள் வாழும் குன்றின் கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே போவதோடு முடிந்திருந்தது. மீதி இரண்டாம் பாகத்தில் என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். அங்கே அவள் இருந்தது ஒரே ஒரு மழைக்காலம். இங்கே அதற்குள் அவள் அக்காவின் தலை முழுக்க வெளுத்திருந்தது.

ஓர் ஆளைத் தங்களோடு கூட்டிக்கொண்டு போனால் அதே முகத்தில் ஒரு பதிலாளை வைத்துவிட்டுப் போவது தேவதைகளின் வழக்கம். போகும்போது அவளுக்கு அது வசதியாகக்கூடப் பட்டது. அக்கா தனியாக இருக்க வேண்டாமே. திரும்பி வந்ததும், பதிலாளின் முகத்துக்கு நேராக 'உன் வேலை முடிந்தது' என்று சொன்னால் போதும். கரைந்துவிடும். பிறகு எந்தக் காலத்திலும் வராது.

அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. கீழே தபால்பெட்டிகளின் ஓரமாக நின்றபோது, குப்பைக்கூடையோடு பதிலாள் இறங்கி வந்தது. அவள் முகம்தான், ஆனால் கன்னம் தொங்கி, கண்ணாடி போட்டிருந்தது. இவளுக்கு ஏறாத வயதெல்லாம் அதற்கு ஏறியிருந்தது. இருந்தும் ஒரு படி விட்டு ஒரு படி, சத்தமே இல்லாமல் தாவி வந்தது. பதிலாளுக்கு மூச்சு வாங்காது, படிக்கட்டில் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவள் புத்தகத்திலேயே எழுதியிருந்தாள். எழுதியது சரிதான் என்று அந்த நேரத்திலும் ஒரு சின்னச் சந்தோஷம்.

வாயைத் திறக்கப் போனாள். தெருவிலிருந்து அக்கா பையோடு உள்ளே வந்துவிட்டாள். பதிலாள் கூடையை ஓரமாக வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டது. இருவரும் ஏறினார்கள். இவளும் பின்னால் போனாள். நடுப்படியில் பதிலாள் இடுப்பில் கையை வைத்து நின்றது. புஸ் புஸ்ஸென்று மூச்சு.

"கொஞ்சம் நில்லுக்கா. என்னால முடியல."

"என்னைவிடச் சின்னவ, உனக்கு என்னடி கேடு?" என்று சொல்லிக்கொண்டே அக்கா சட்டென்று படியில் உட்கார்ந்துவிட்டாள். முட்டியைத் தடவிக்கொண்டாள். அப்போதுதான் கீழே நின்றவளைப் பார்த்தாள். எந்த வீட்டுக்கு என்று விசாரித்தாள். மாடி மாறி வந்துவிட்டதாக இவள் ஏதோ உளறினாள்.

"இந்தப் பொண்ணைப் பாரேன், அந்த வயசுல நீ இருந்த மாதிரியே இருக்கா. ஆனா நீ எங்கே இப்படிப் பொறுமையா நின்னே? மேல போய் நின்னுகிட்டு, எவ்வளவு நேரம்க்கா ஏறுவேன்னு கத்துவே. இப்பதான் தேறியிருக்கே."

சிரித்துவிட்டு, கதவைத் திறந்துவைக்கிறேன் என்று அக்கா மெதுவாக மேலே போனாள். பதிலாளின் மூச்சு அந்த நொடியே நின்றுவிட்டது.

"நீங்க யாருன்னு தெரியும். சொல்லணும்னா சொல்லிடுங்க. நான் தடுக்க முடியாது."

"உனக்குத்தான் மூச்சே வாங்காதே?"

"வாங்காது. ஆனா தனியா உட்கார அவளுக்குக் கூச்சம். வலின்னு வாயைத் திறக்க மாட்டா." பையை அது அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டது. "நீங்க வந்தா இந்தப் படியில நில்லுங்க. முதல்ல நீங்கதான் நிக்கணும். அது ஒண்ணுதான் கேக்கிறேன்."

மேலேயிருந்து குரல் வந்தது. "ஏண்டி, அங்கேயே குடித்தனம் பண்றியா?"

வரேன்க்கா என்ற பதில் இவள் தொண்டை வரை வந்தது.  பதிலாள் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. மேலே அக்கா இன்னொரு தரம் கூப்பிட்டாள். இந்தத் தடவை குரலில் லேசாகப் பயம் இருந்தது.

"உங்க அக்கா கூப்பிடுறாங்க," என்றாள் இவள். "போங்க."

 பதிலாள், மேலே கேட்கும்படி காலைத் தொப் தொப்பென்று வைத்து ஏறியது. கதவு சாத்தும் சத்தம், பிறகு குழாயில் தண்ணீர் விழும் சத்தம், என்னவோ திட்டு, சிரிப்பு.

புத்தகத்தில் அந்த மூச்சு வரியைத் திருத்த வேண்டும். இறங்கத் திரும்பியவள், அக்கா உட்கார்ந்திருந்த படியில் உட்கார்ந்தாள். அவளுக்கு மூச்சும் வாங்கவில்லை, முட்டியும் வலிக்கவில்லை. படி இன்னும் லேசாகச் சூடாக இருந்தது. அது ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள்.