பட்டாளம் கழித்த துப்பாக்கி

பழைய சாமான் வாங்குவதில் சுப்புராயனுக்கு ஒரு முறை உண்டு. முதலில் தூர நின்று பார்ப்பான். பிறகு கிட்டப் போய் முகர்வான். கடைசியில் விரல் முட்டியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பான். படகு, எஞ்சின், வீட்டு பீரோ எல்லாமே இப்படித் தட்டிப் பார்த்து வாங்கியவைதான். எதுவும் அவனைக் கவிழ்த்ததில்லை. அதனால் மவுண்ட் ரோட்டுத் துப்பாக்கிக் கடையில் கண்ணாடி மேசைமேல் அந்த ரைபிளை எடுத்து வைத்ததும் குனிந்து மூக்கை வைத்தான். கடைக்காரர் ஃப்ரெடி சிரிப்பை அடக்கிக்கொள்ள மீசையைத் தடவிக்கொண்டார்.

"மரம் கெட்டியா கீது சார்," என்றான் சுப்புராயன், தட்டிப் பார்த்துவிட்டு. "எத்தினி வயசு இருக்கும்?"

"உங்களுக்கு மூத்தது. பட்டாளத்துல கழிச்சு விட்டது. குழல மாத்தி, லைசென்ஸ்ல அனுமதிக்கிற தோட்டா போற மாதிரி பண்ணியிருக்காங்க. புதுசுதான் வேணும்னா அதோ ரெட்டைக்குழல் இருக்கு."

ரெட்டைக்குழலில் தொங்கிய விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவனைப் போல சுப்புராயன் மரியாதையாகக் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

துப்பாக்கி மேல் அவனுக்கு ஆசை கீசை ஒன்றும் கிடையாது. காத்திவாக்கத்தில் பிறந்து, எண்ணூர் கழிமுகத்தில் இறால் பிடித்துப் பிழைத்தவன். தண்ணீரில் எண்ணெயும் சாம்பலும் சேர்ந்து இறால் ஒழிந்துபோன பிறகு, திருவொற்றியூரில் சண்முகவேல் அண்ணாச்சியின் அடகுக் கடையில் தடியோடு காவலுக்கு உட்கார்ந்தான். மகள் கீர்த்தி நர்ஸிங் படிக்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் அவள் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெரு நகைக்கடையில் கொள்ளை போனதும் அண்ணாச்சி அவனைக் கூப்பிட்டார்.

"இனி தடி உதவாதுவே. துப்பாக்கி வச்சிருக்கவருக்குத்தான் இங்க வேலை. லைசென்ஸுக்கு நான் லெட்டர் தாரேன். துப்பாக்கிய நீரு வாங்கிக்கிடும்."

நகை முதலாளியுடையது, துப்பாக்கி காவல்காரனுடையது. இந்த ஊரில் அந்த வேலை அப்படித்தான் நடக்கிறது, யாரும் வெட்கப்படுவதில்லை. போலீஸ் விசாரணை, டாக்டர் சான்றிதழ், சுடும் பயிற்சி என்று லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. படகின் எஞ்சினை விற்றான். அந்தப் பணத்துக்குள் அடங்கியது இந்தப் பட்டாளத்துக் கிழம் ஒன்றுதான்.

ஃப்ரெடி ஒரு சின்ன பாட்டிலை நீட்டினார். "இதுக்குன்னே உள்ள எண்ணெய். எப்பவாவது ரெண்டு சொட்டு. வேற எதையும் ஊத்திடாதீங்க."

சுப்புராயன் பாட்டிலின் விலையைக் கேட்டான். "வாணாம் சார். எண்ணெய் வூட்டாண்டயே கீது," என்றான்.

வீட்டில் மனைவி பச்சையம்மா துப்பாக்கிக்கு ஆரத்தி எடுத்து, கட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். புதுப் படகுக்குச் செய்வதுதானே. ஆனால் உப்புக்காற்றை நினைத்துத்தான் இருவருக்கும் கவலை. அந்த வீட்டில் ஜன்னல் கம்பி, மின்விசிறி, கதவுக் கீல் என்று துரு தின்னாத இரும்பு ஒன்றுகூட இல்லை. படகை உப்பிலிருந்து காப்பாற்ற அவர்கள் குப்பத்தில் காலகாலமாகப் பூசுவது மத்தி மீன் எண்ணெய். பச்சையம்மா கேனை எடுத்து வந்தாள். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி சுப்புராயன் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றி, உள்ளும் புறமும் கஞ்சத்தனம் இல்லாமல் ஊற்றினான். ஞாயிறு தவறாமல் ஊற்றினான்.

"நாத்தம் கொடல பொரட்டுதுப்பா," என்று கீர்த்தி மூக்கைப் பிடித்தாள்.

"துரு புடிச்சா சோறு போய்டும்மா."

பச்சையம்மா கேட்டது வேறு. "நெசமா ஒருத்தன சுடுவியா நீ?"

"சேச்சே. சும்மா மடில வச்சுக்கினு உக்காந்தா போதும். பாக்குறவன் பயந்து போய்டுவான்," என்றான். ஒப்புக்குச் சொல்லவில்லை. வலையில் சிக்கிய ஆமையைக்கூட அறுத்து விடுகிற தன்னால் ஒரு மனிதனைச் சுட முடியாது என்று அவன் முழுதாக நம்பினான்.

துப்பாக்கி வந்ததும் அவன் மரியாதையும் கூடியது. கடையில் ஸ்டூல் போய் கை வைத்த நாற்காலி வந்தது. ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்து இடம் அவனுக்கென்றே ஆகிவிட்டது. "இன்னா மாமு, உறைக்குள்ள துப்பாக்கி கீதா, மீன் கீதா?" என்று டிரைவர் தினம் கேட்பான். வண்டியே சிரிக்கும். சுப்புராயனும் சிரிப்பான். வெளியே பளபளவென்று இருந்த இரும்பு உள்ளே என்ன ஆகிக்கொண்டிருந்தது என்பது அவனுக்குத் தெரியவில்லை.

ஐப்பசி மழை. சனிக்கிழமை மதியம் கரண்ட் போய், கடை இருண்டு கிடந்தது. சாப்பாட்டு நேரம் என்பதால் ஷட்டரைப் பாதிக்குமேல் இறக்கியிருந்தார்கள். அண்ணாச்சி கல்லாவுக்குப் பின்னால் செல்போன் வெளிச்சத்தில் நகைப் பைகளை இரும்புப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். மழை ஷட்டரில் விழுந்த சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் ஒருவன் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே பாய்ந்தான். கறுப்பு மழைக்கோட்டு, முகத்தை மூடிய ஹெல்மெட். வலது கை கோட்டுக்குள் இருந்தது.

"ஏலே, யாருல அது!" என்று அண்ணாச்சி அலறினார்.

சுப்புராயன் எழுந்ததும் போல்ட்டை இழுத்துத் தள்ளியதும் கட்டையைத் தோளில் வைத்ததும் எப்போது நடந்தன என்று அவனுக்கே தெரியாது. ஆனால் அதற்கடுத்தது தெரியும். நெஞ்சைக் குறி பார்த்தான். விசையை இழுத்தான்.

நாக்கைச் சொடுக்குவது போல ஒரு சத்தம், அதுவும் அவன் கன்னத்துக்கு மட்டும் தெரிகிற மாதிரி. வேறொன்றும் நடக்கவில்லை.

வந்தவன் இடது கையால் ஹெல்மெட்டைக் கழற்றினான். காத்திவாக்கத்துத் தீபன். சுப்புராயன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் சிவந்தியின் மகன், காசிமேட்டில் விசைப்படகில் வேலை செய்கிறவன். கோட்டுக்குள்ளிருந்து அவன் எடுத்தது பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பணமும் அடகு ரசீதும். மறுநாள் காலை அவன் தங்கை சௌமியாவுக்குக் கல்யாணம். நகையை மீட்க, கடை மூடிவிடுமோ என்று மழையில் ஓடி வந்திருக்கிறான்.

"இன்னா மாமா! என்னியவே போட்டுத் தள்ளிடுவ போலக் கீதே!" என்று தீபன் கைகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தான்.

அண்ணாச்சிக்கு மூச்சு திரும்பியது. அவரும் சிரித்தார். சுப்புராயன் துப்பாக்கியை இறக்கி, உட்கார்ந்தான்.

"பாத்தியால தம்பி, அதான் பொறுமை," என்றார் அண்ணாச்சி. "வேற எவனும் இருந்தா சுட்டுப்புட்டுல்லா யாருன்னு பாப்பான்? நம்ம ஆளு ஆளத் தெரிஞ்சுக்கிட்டுக் கை நிறுத்தினாரு."

தீபன் நகையை வாங்கிக்கொண்டு, "கல்யாணத்துக்கு வந்துடு மாமா, துப்பாக்கி இல்லாம," என்று சொல்லிவிட்டு மழைக்குள் போனான். சுப்புராயன் பின்கட்டுக்குப் போய்த் தோட்டாவை வெளியே எடுத்தான். அதன் பின்புறத்தில் நடுவாக ஒரு சின்னப் பள்ளம், ஊசி முனையால் அழுத்தியது போல. பயிற்சியில் சுட்டுத் தள்ளிய தோட்டாக்களில் இதே இடத்தில் இதே பள்ளத்தைப் பார்த்திருக்கிறான். அவற்றில் கொஞ்சம் ஆழமாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கதை அவனுக்கு முன்னால் குப்பத்துக்குப் போய்விட்டது. நம் ஜனங்களுக்குக் கதை கிடைத்தால் போதாதா? ராத்திரிக்குள் சுப்புராயன் பெரிய தளபதி ஆகிவிட்டான். இருட்டிலும் ஆளை அடையாளம் கண்டவன், விசையில் விரல் வைத்தும் இழுக்காதவன். மறுநாள் கல்யாணத்தில் ஆளாளுக்கு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்த ஆள்காட்டி விரலை வெட்டிப் போட்டால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

தாலி கட்டி முடிந்ததும் சிவந்தி ஒரு தட்டோடு அவன் முன்னால் வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, புது வேட்டி. கடலில் போனவனை உயிரோடு கரை சேர்த்தவனுக்கு, பெற்ற தாய் வேட்டி எடுத்துக் கொடுப்பது அந்தக் குப்பத்து வழக்கம். அதைக் கட்டிக்கொண்டு வருகிற வெள்ளிக்கிழமை அவன் எல்லையம்மன் கோயிலுக்கு வர வேண்டும். அந்தத் தாயே அவனுக்குத் திருநீறு பூசுவாள்.

"கடல்ல இல்லன்னாலும் நீதான் எம் புள்ளைய எனக்கு மீட்டுக் குடுத்தவன், அண்ணே," என்றாள் சிவந்தி. அவள் அழுதாள். சுற்றி நின்ற பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவ்வளவு பேர் முன்னால் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கோழைத்தனம்தான். தட்டை வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து வேட்டியை அலமாரிமேல் வைத்துவிட்டு, "பச்ச, நான் இழுத்துட்டேன்," என்றான். "அதுவாத்தான் வெடிக்காமப் போச்சு. நான் நிறுத்தல."

பச்சையம்மா தரையில் உட்கார்ந்தாள். பிறகு, "அந்தச் சனியன் இந்த வூட்ல இருக்க வாணாம். வேலை போனாப் போவுது, நான் கருவாடு வித்துக் கீர்த்திய படிக்க வைக்கிறேன்," என்றாள்.

திங்கள்கிழமை அண்ணாச்சியிடம் சொன்னான். திட்டுவார், போலீசுக்குச் சொல்வார், குறைந்தபட்சம் முகம் கறுப்பார் என்று எதிர்பார்த்தான். அதில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இழுத்தீரா? சரியாத்தானே செஞ்சிருக்கீரு," என்றார் அண்ணாச்சி நிதானமாக. "ஹெல்மெட்ட போட்டுக்கிட்டுக் குனிஞ்சு வந்தா யாருன்னு எப்படித் தெரியும்? வெடிக்காமப் போனதுதான்வே தப்பு. நெசக் கள்ளன் வந்திருந்தா நம்ம கதி? துப்பாக்கியச் சுத்தம் பண்ணிட்டு வாரும். செலவு என்னோடது."

நல்ல மனுஷன்தான் அண்ணாச்சி. கீர்த்தியின் கல்லூரிச் சேர்க்கைக்குக் கையெழுத்துப் போட்டவர். இந்த மனிதர் தன்னை நாற்காலியில் உட்கார வைத்தது எதற்கென்று அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று சுப்புராயன் நினைத்தான்.

அன்றே மவுண்ட் ரோட்டுக்குப் போய் ரைபிளை ஃப்ரெடியின் மேசைமேல் வைத்தான். ஃப்ரெடி போல்ட்டைப் பிரித்தார். உள்ளே இருந்த சுருள்கம்பி, பாகு காய்ந்தது போன்ற மஞ்சள் பசையில் புதைந்திருந்தது.

"என்ன ஊத்துனீங்க?"

"மத்தி எண்ணெய் சார்."

"சரியாப் போச்சு. தோட்டாவக் குத்துற ஊசி எப்படி வேகமா நகரும்? லேசா முத்தம் குடுத்திருக்கு, அவ்வளவுதான். நல்ல எண்ணெய் ரெண்டு சொட்டு போட்டிருந்தா தோட்டா போயிருக்கும். கழுவித் தரட்டுமா? ஒரு மணி நேர வேலை."

"வாணாம் சார். வித்துடுங்க. யாராவது வாங்குனா அந்த பாட்டிலயும் சேத்துக் குடுத்துடுங்க," என்றான். சொன்ன பிறகு, அந்த யாரோ ஒருவன் யாரைச் சுடுவானோ என்று நினைப்பு வந்தது. லைசென்ஸில் பதிவு முடிந்து வெளியே வரும்வரை அந்த நினைப்பு போகவில்லை.

வியாழக்கிழமை காலை மழை விட்டிருந்தது. கரையில் தீபன் தனியாக உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். சுப்புராயன் வேட்டிப் பொட்டலத்தோடு போய் அவன் எதிரே குத்துக்காலிட்டான்.

"இத வாங்கிக்கோ நைனா. எனக்கு ஆவாது. அன்னிக்கு நான் கை நிறுத்தல. உன் நெஞ்சப் பாத்து வச்சு இழுத்தேன். துப்பாக்கிதான் வேலை செய்யல."

"சும்மா இரு மாமா, காலங்காத்தால," என்று தீபன் சிரித்தான். சுப்புராயன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவன் கை தானாகச் சட்டைப் பொத்தான்மேல் போய் நின்றது.

"நான்னு தெரிஞ்சுதா அப்போ?"

"இல்லடா. சத்தியமாத் தெரியல. தெரிஞ்சிருந்தா இழுத்திருப்பேனா?"

தீபன் வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். "என்னிய வுடு. வேற எவனாவது பொண்டாட்டி நகைய மூட்ட ஓடியாந்திருந்தா?"

அந்தக் கேள்வியைச் சுப்புராயனே தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறான். கேட்ட ஒவ்வொரு முறையும் விசை இழுபட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்றான் தீபன்.

"இன்னும் இல்ல. இப்போ போய்ச் சொல்லத்தான்..."

"சொல்லாத." தீபன் பொட்டலத்தை எடுத்து அவன் மடியிலேயே திரும்ப வைத்தான். "எங்கப்பன் கடல்ல போனப்போ தூக்கியாந்து போட ஒரு ஆளில்ல. யாருக்காவது ஒரு வேட்டி எடுத்துக் குடுக்க மாட்டமான்னு எங்கம்மா இத்தினி வருசமா ஏங்கினு கீது. இப்பதான் குடுத்துது. நாளைக்கு நீ இதக் கட்டிக்கினு கோயிலாண்ட வந்து நிக்கணும். எனக்காவ இல்ல, அதுக்காவ."

"என்னால முடியாது தீபா."

"முடியணும் மாமா," என்றான் தீபன். குரலில் கோபம் இல்லை. முதல் முறையாக அவன் சுப்புராயனைப் பார்க்காமல் பேசினான்.

வெள்ளிக்கிழமை சுப்புராயன் வேட்டியைக் கட்டிக்கொண்டு போனான். பச்சையம்மாவும் கூட வந்தாள். எல்லையம்மன் கோயில் வாசலில் குப்பமே நின்றது. சிவந்தி வேட்டியின் கரையைத் தொட்டுப் பார்த்து, "உனக்கு நல்லாக் கீது அண்ணே," என்றாள். திருநீற்றை அள்ளி அவன் நெற்றியில் பூசினாள். அவள் கை நடுங்கவே இல்லை, அவ்வளவு நிறைவாக இருந்தாள். சுப்புராயன் குனிந்து நின்றான். நிமிர்ந்தபோது தீபன் கூட்டத்தின் அந்தக் கோடியில் நின்றிருந்தான். அம்மா இரண்டு முறை கூப்பிட்டும் அவன் இந்தப் பக்கம் வரவில்லை.